நான்கு டாலர் தகராறு

மினியாபொலிஸ் விமான நிலையத்தில், ஊருக்குப் போகிறவர்கள் நாள்கணக்கில் காரை விட்டுச்செல்லும் பார்க்கிங். கார்ல் ஷோவால்டர் உள்ளே நுழைகிறான், வேறு யாருடைய காரிலிருந்தோ நம்பர் பிளேட்டைக் கழற்றி எடுத்துக்கொள்கிறான், சில நிமிடங்களில் திரும்பி வருகிறான். வாயிலில் இருக்கும் சீருடைக்காரர் நான்கு டாலர் கேட்கிறார். காரை நிறுத்தவே இல்லை, மனசு மாறிவிட்டது என்கிறான் கார்ல். உள்ளே வந்தால் குறைந்தபட்சக் கட்டணம் நான்கு டாலர், அப்படித்தான் விதி என்கிறார் அவர், குரலைத் துளியும் உயர்த்தாமல். இதற்குள் கார்ல் ஒரு பெண்ணைக் கடத்திவிட்டான். அவன் கண்ணெதிரே கூட்டாளி கொலை செய்திருக்கிறான். பல்லாயிரம் டாலர் கைக்கு வரப்போகிறது. ஆனாலும் அந்த நான்கு டாலரை விட அவனுக்கு மனசில்லை. சீருடை போட்டால் பெரிய ஆள் என்று நினைப்பா என்று வசைபாடிவிட்டுத்தான் பணத்தைத் தருகிறான்.

ஜோயல் கோயன், ஈதன் கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’ (1996) படத்தில் வரும் காட்சி இது. கதைக்கு இது தேவையே இல்லை. வெட்டி எறிந்தாலும் ஒரு முடிச்சும் அவிழாமல் நிற்காது. மொத்தம் 98 நிமிடமே ஓடும் ஒரு படத்தில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும். எனக்குப் படுகிற காரணம் இது: இந்தப் படத்தில் நடக்கும் அத்தனை சாவுக்கும் பின்னால் ஏதோ ஒரு தொகை இருக்கிறது, அந்தத் தொகை எவ்வளவு என்பதில் இரண்டு பேர் ஒரே எண்ணைச் சொல்வதே இல்லை. சரியாக நான்கு டாலர் என்று சொல்லி, அதையே கேட்டு, அதையே வாங்கிக்கொள்பவர் அந்த வாயில்காரர். அவர்மேல் கார்லுக்கு வரும் ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1987, குளிர்காலம். ஜெர்ரி லண்டகார்ட் மினியாபொலிஸில் ஓல்ட்ஸ்மொபில் கார் விற்கும் ஷோரூமில் சேல்ஸ் மேனேஜர். ஷோரூம் அவனுடையதல்ல, மாமனார் வேட் கஸ்டாஃப்சனுடையது. ஜெர்ரிக்கு அவசரமாகப் பணம் வேண்டும். மாமனாரிடம் கேட்கத் துணிவில்லை, கேட்டாலும் கிடைக்காது. எனவே தன் மனைவி ஜீனைக் கடத்த அவனே இரண்டு ஆட்களை அமர்த்துகிறான். மகளை மீட்க மாமனார் பணம் கொடுப்பார், அதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் ஒரு கீறலும் விழாது என்பது திட்டம். ஆட்களைச் சந்திப்பது பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரத்து மதுக்கடையில். ஜெர்ரி எட்டரை மணிக்கு வந்து சேருகிறான். ஏழரைக்கு என்றல்லவா சொன்னார்கள், ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறோம் என்று கார்ல் எரிந்து விழுகிறான். இல்லை, எட்டரை என்றுதான் என்னிடம் சொன்னார்கள் என்கிறான் ஜெர்ரி. படத்தின் முதல் உரையாடலே ஓர் எண்ணைப் பற்றிய சச்சரவு. யார் சொன்னது சரி என்று கடைசிவரை நமக்குத் தெரியாது.

அடுத்து வரும் எண்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். மாமனாரிடம் 80,000 டாலர் கேட்கப் போவதாக ஜெர்ரி அந்த இருவரிடமும் சொல்கிறான். அதில் பாதி, 40,000, அவர்களுக்கு. கூடவே புத்தம்புதிய கட்லஸ் சியரா கார் ஒன்று. மாமனாரிடமோ கடத்தல்காரர்கள் பத்து லட்சம் டாலர் கேட்கிறார்கள் என்கிறான். அதாவது ஆட்களுக்குப் போவது 40,000. மிச்சம் 9,60,000 இவனுக்கு. இதற்கிடையில் ஷோரூமுக்குக் கடன் கொடுத்த நிதி நிறுவனத்திலிருந்து ஒருவர் விடாமல் போன் செய்துகொண்டிருக்கிறார். இல்லாத கார்களை அடகுக் கணக்கில் காட்டி ஜெர்ரி 3,20,000 டாலர் வாங்கியிருக்கிறான். அந்தக் கார்களின் தொடர் எண்கள் காகிதத்தில் படிக்க முடியாதபடி மங்கிக் கிடக்கின்றன, தெளிவான நகல் அனுப்புங்கள் என்று அவர் பொறுமையாகக் கேட்கிறார். இதோ அனுப்பிவிடுகிறேன் என்கிறான் ஜெர்ரி. திரும்ப அனுப்புவதும் படிக்க முடியாத காகிதம்தான்.

அந்த மூன்று லட்சத்துச் சொச்சம் எங்கே போயிற்று? படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சூதாட்டமா, வேறு பெண்ணா, வியாபாரத்தில் நட்டமா, எதுவுமில்லை. திரைக்கதைப் பாடம் நடத்துகிறவர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கு இது துணிச்சலாகப் படுகிறது. காரணத்தைச் சொல்லியிருந்தால் ஜெர்ரியைப் பரிதாபத்திலோ வெறுப்பிலோ சேர்த்துவிட்டு நாம் நிம்மதியாகியிருப்போம். இப்போது அது முடியாது. மிச்சம் இருப்பது, ஒரு பொய்க் கணக்கை இன்னொரு பொய்க் கணக்கால் அடைக்கப் பார்க்கும் ஒருவனின் வேர்த்த முகம் மட்டும்.

ஆட்களை அமர்த்திய பிறகு ஜெர்ரிக்கு நேர்வழியில் ஒரு வாய்ப்பும் திறக்கிறது. காலி மனை ஒன்றை வாங்கி கார் பார்க்கிங் கட்டும் யோசனையை மாமனாரிடம் சொல்லி, அதற்கு 7,50,000 டாலர் கேட்டிருந்தான். திட்டம் நன்றாக இருக்கிறது என்று கூப்பிடுகிறார் மாமனார். ஜெர்ரி பதறிப்போய், கடத்தலை நிறுத்தச் சொல்ல வழி தேடுகிறான். ஷோரூம் மெக்கானிக் ஷெப் ப்ரௌட்ஃபுட்தான் இடையாள். அவனுக்கோ இருவரில் ஒருவனைத்தான் தெரியும். இப்போது அவர்கள் எங்கே என்று தெரியாது. அப்புறம் ஜெர்ரி மாமனாரைப் பார்க்கப் போகிறான். வேட்டும் அவருடைய கணக்காளர் ஸ்டான் கிராஸ்மனும் நிதானமாக விளக்குகிறார்கள்: திட்டத்தை நாங்களே எடுத்து நடத்துகிறோம், கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு உனக்குத் தரகு. அவன் கேட்டது கடன். நாங்கள் வங்கி இல்லையே என்கிறார்கள். இங்கேயும் இரு தரப்பும் ஒரே பேச்சில் வேறு வேறு தொகையைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவன் மனசில் ஏழரை லட்சம், மற்றவர்கள் மனசில் அதில் சிறு சதவீதம்.

அவன் வீடு திரும்பும்போது கடத்தல் முடிந்திருக்கிறது. கடத்தல் காட்சியில் சிரிக்காமல் இருக்க முடியாது; சிரித்த பிறகு நம்மை நாமே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொள்வோம். ஜீன் டிவி பார்த்தபடி பின்னல் வேலையில் இருக்கிறாள். முகமூடியோடு ஒருவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறான். அவன் என்ன செய்யப் போகிறான் என்று அவளும் ஏதோ புதிர்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கண்ணாடி உடையும்வரை. பிடித்தவன் கையைக் கடித்துவிட்டு மாடிக்கு ஓடுகிறாள். கடிபட்டவன், கார்லின் கூட்டாளி கெயர் கிரிம்ஸ்ரட், துரத்துவதை விட்டுவிட்டு, குளியலறை அலமாரியில் காயத்துக்குக் களிம்பு தேடுகிறான். குளியல் தொட்டித் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் அந்தத் திரையைச் சுற்றிக்கொண்டே கண் தெரியாமல் ஓடிப் படிக்கட்டில் உருண்டு விழுகிறாள். கடத்தல்காரர்கள் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அவளே செய்துவிடுகிறாள்.

அன்றிரவு பிரைனர்ட் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையில் காவலர் ஒருவர் அவர்கள் காரை நிறுத்துகிறார். காரணம் அற்பம்: புதிய காருக்கு ஒட்ட வேண்டிய தற்காலிகப் பதிவுச் சீட்டு இல்லை. ஷோரூமிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த கார், ஒட்ட மறந்துவிட்டார்கள். உரிமத்தோடு ஐம்பது டாலர் நோட்டு ஒன்றை நீட்டி, இங்கேயே முடித்துக்கொள்ளலாமே என்று கார்ல் நாகரிகமாகச் சொல்லிப் பார்க்கிறான். காவலர் நேர்மையானவர். பின் சீட்டில் முனகல் கேட்கிறது. அதுவரை வாயே திறக்காத கெயர் அவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுடுகிறான். அந்த வழியாகக் காரில் வந்து இதைப் பார்த்துவிட்ட இருவரையும் விரட்டிப் போய்க் கொல்கிறான். ஒட்டாத ஒரு சீட்டுக்கு மூன்று உயிர்.

இனி எண்கள் மாறத் தொடங்குகின்றன. நிலைமை மாறிவிட்டது, முழு 80,000மும் எங்களுக்கு வேண்டும் என்று கார்ல் போனில் சொல்கிறான். பேச்சு பேச்சாக இருக்க வேண்டாமா என்று மன்றாடுகிறான் ஜெர்ரி. இவன் கணக்கில் இன்னும் 9,20,000 மிச்சம் இருக்கிறது என்பது கார்லுக்குத் தெரியாது. அந்தப் பக்கம், பத்து லட்சம் கேட்டால் ஐந்து லட்சம் தருவதாகச் சொல்லிப் பார்க்கலாமா என்று மகளின் உயிருக்கு பேரம் பேச யோசிக்கிறார் வேட். இது மாட்டு வியாபாரமில்லை என்று ஸ்டான்தான் தடுக்கிறார். பணம் தன்னுடையது, ஆகவே தானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்துக் கிளம்பும் வேட், பார்க்கிங் கட்டடத்தின் மொட்டைமாடியில் கார்லைச் சந்திக்கிறார். மகளைக் காட்டினால்தான் பணம் என்கிறார். கார்ல் அவரைச் சுட, சாகும் முன் அவர் கார்லின் தாடையைச் சுட்டுக் கிழிக்கிறார். கீழே இறங்கும் வழியில் இன்னொரு வாயில்காரரும் செத்துப்போகிறார்.

ரத்தம் வழியும் முகத்தைத் துணியால் அழுத்தியபடி கார்ல் பெட்டியைத் திறக்கிறான். எண்பதாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து லட்சம். ஜெர்ரி தன்னை ஏமாற்றியது அந்தக் கணத்தில் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் கோபப்படக்கூட அவனுக்கு நேரமில்லை. 80,000 டாலரைத் தனியே எடுத்துக்கொண்டு, மீதியைப் பெட்டியோடு சாலையோர முள்வேலிக்குக் கீழே பனியில் புதைக்கிறான். புதைத்தது எவ்வளவு? 9,20,000. ஜெர்ரி அவனிடமிருந்து மறைத்த அதே தொகையை, ஒரு டாலர் கூடாமல் குறையாமல், அவன் தன் கூட்டாளியிடமிருந்து மறைக்கிறான். படம் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஜீனை அடைத்துவைத்திருக்கும் குடிசைக்குத் திரும்புகிறான். ஜீன் தரையில் செத்துக் கிடக்கிறாள். கத்தினாள் என்கிறான் கெயர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். கார்ல் 40,000 டாலரை எண்ணி வைத்துவிட்டு, காரை நான் எடுத்துக்கொள்கிறேன், முகத்தில் சுடப்பட்டவன் நான் என்கிறான். காரில் பாதி எனக்கு என்கிறான் கெயர். காரை எப்படி இரண்டாக வெட்டுவது என்று கேட்டால், பாதி விலையைக் கொடு என்கிறான். ஒன்பது லட்சத்தை மண்ணில் வைத்துவிட்டு வந்தவன், சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்து போயிருக்கலாம். அவனால் முடியவில்லை. அது நியாயமில்லை என்று அவனுக்கு உண்மையாகவே தோன்றுகிறது. வாசலைத் தாண்டுவதற்குள் கோடரி வந்துவிடுகிறது. விமான நிலையத்தில் நான்கு டாலருக்குச் சண்டை போட்டவன் ஒரு காரின் பாதி விலைக்குச் செத்தான் என்பதில் புதிதாக வியக்க ஒன்றுமில்லை. அவன் மாறவே இல்லை.

எண்களிலிருந்து பேச்சுக்கு வருவோம். கதை நடக்கும் மினசோட்டா மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் நிறைய. லண்டகார்ட், கஸ்டாஃப்சன், குண்டர்சன், கிரிம்ஸ்ரட் என்ற பெயர்களிலேயே அது தெரியும். மெய்யெழுத்துகளைவிட உயிரெழுத்துகளை இழுத்துப் பேசும் ஒரு ராகம், வாக்கியத்துக்கு ஒரு ‘யா’, அதிர்ச்சிக்கு ஒரு ‘ஓ ஜீஸ்’. எதையும் நேராக மறுக்காத, குரல் உயர்த்தாத, சண்டை வரும்போல் இருந்தால் வானிலைக்குப் போய்விடுகிற பேச்சு. கோயன்கள் மினியாபொலிஸின் புறநகரான செயின்ட் லூயிஸ் பார்க்கில் வளர்ந்தவர்கள். இந்தப் பேச்சு அவர்கள் காதில் ஊறியது. படம் வந்தபோது எங்களைக் கேலி செய்துவிட்டார்கள் என்று அந்தப் பக்கத்தவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். கேலி இருக்கிறது, மறுக்க வேண்டாம். ஆனால் அந்தப் பேச்சு இல்லாமல் இந்தக் குற்றமே நடந்திருக்காது. தனக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், ஏன் வேண்டும் என்று யாரும் யாரிடமும் வெளிப்படையாகச் சொல்லாத ஊரில்தான் ஒரு மருமகன் மாமனாரிடம் கடன் கேட்பதைவிட மனைவியைக் கடத்துவது எளிது என்ற முடிவுக்கு வர முடியும்.

ஜெர்ரி வேலை செய்வதைப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் விலை பேசி முடித்த காரை எடுக்க வருகிறார். துருப்பிடிக்காமல் இருக்க ட்ரூகோட் என்ற பூச்சு பூசியிருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் என்கிறான் ஜெர்ரி. வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே என்று கொதிக்கிறார் அவர். மேலிடத்தில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகும் ஜெர்ரி, பக்கத்து அறைக்காரரிடம் ஹாக்கி ஆட்டத்தைப் பற்றிப் பேசி நேரம் கடத்திவிட்டுத் திரும்பி வந்து, இதுவரை யாருக்கும் செய்ததில்லை, உங்களுக்காக நூறு டாலர் குறைக்கிறோம் என்கிறான். நீ ஒரு பொய்யன் என்று மனிதர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, செக் புத்தகத்தை எடுக்கிறார். பொய் என்று தெரிந்தும் பணம் கட்டுகிறார்கள் என்ற அனுபவம்தான் ஜெர்ரியின் தொழில்முறைக் கல்வி. கடத்தல் திட்டமும் ட்ரூகோட் மாதிரிதான்; தொகை மட்டும் பெரிது.

ஜெர்ரியாக நடித்த வில்லியம் ஹெச். மேசியின் ஒவ்வொரு திக்கலும் இழுப்பும் திரைக்கதையில் எழுதப்பட்டவை என்று அவரே சொல்லியிருக்கிறார். மனைவி காணாமல் போனதை மாமனாருக்குப் போனில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெறும் அறையிலிருந்து, பதறிய குரல் கேட்கிறது, நிற்கிறது, மறுபடி அதே சொற்கள், கொஞ்சம் வேறு பதற்றத்தோடு. ஒத்திகை. பிறகுதான் எண்களைச் சுழற்றுகிறான். எடுத்தவரிடம், வேட் இருக்கிறாரா என்று சாதாரணக் குரலில் கேட்கிறான்.

ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ். பனி மூடிய சமவெளியில் நிலமும் வானமும் ஒரே வெள்ளை. சாலை எங்கே, அடிவானம் எங்கே என்று கண் தடுமாறும். 1995இன் தொடக்கத்தில் படம் எடுக்கப் போனால், அந்த வருடம் பார்த்து மினசோட்டாவில் பனி பொய்த்துவிட்டது. பனியைத் தேடி மாநிலத்தின் வடக்கே, வடக்கு டகோட்டாவரை படக்குழு போக வேண்டியிருந்தது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஷாட், மாமனார் கடன் தர மறுத்த பிறகு வருவது. வெகு உயரத்திலிருந்து ஒரு வெற்று வண்டி நிறுத்தம், வெள்ளைத் தாள்போல. அதில் ஒற்றைக் கார், அதை நோக்கி ஊர்ந்துபோகும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி ஜெர்ரி. கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டத் தொடங்குகிறான், திடீரென்று வெறி வந்து சுரண்டியால் காரை அடித்து அதை வீசி எறிகிறான், பிறகு போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி சுரண்டுகிறான். வீட்டுக்குப் போயாக வேண்டுமே. பணத்தைப் புதைத்த இடத்துக்குக் கார்ல் அடையாளமாகக் குத்தி வைப்பதும் ஒரு பனிச்சுரண்டிதான், சிவப்பு நிறத்தில், சாண் உயரத்தில். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறான்: ஒரே மாதிரி வேலி, ஒரே மாதிரி கம்பங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. கார்ட்டர் பர்வெலின் இசை, காணாமற்போன ஆட்டைப் பற்றிய நார்வே நாட்டுப் பாடல் ஒன்றின் மெட்டிலிருந்து பிறந்தது. ஹார்டாங்கர் ஃபிடிலில் தனியாகத் தொடங்கி, பெரிய இசைக்குழுவின் முழக்கமாக அது ஏறும்போது திரையில் இருப்பது, ஒரு காரை இன்னொரு கார் இழுத்துக்கொண்டு வருவது மட்டுமே. அந்தப் பொருத்தமின்மையும் சிரிப்பில் சேர்த்திதான்.

நாயகி வருவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. பிரைனர்ட் காவல் தலைவர் மார்ஜ் குண்டர்சன், ஏழு மாதக் கர்ப்பிணி, விடியுமுன் போன் அடித்து எழுப்பப்படுகிறார். கணவர் நார்ம் முட்டை பொரித்துத் தருகிறார். வண்டி கிளம்பவில்லை என்று திரும்பி வந்து கணவரைக் கூப்பிடுகிறார். பிறகு பனியில் கிடக்கும் உடல்களையும் காலடித் தடங்களையும் பார்த்துவிட்டு, ஒருவன் பெரிய உருவம், மற்றவன் சிறியவன், நடந்தது இன்னது என்று சந்தையில் காய் விலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறார். நடுவில் குனிந்து நிற்கிறார். தடயமா என்று ஓடி வருகிறார் உதவியாளர். இல்லை, குமட்டல். அது போனதும், மறுபடி பசிக்கிறது.

இறந்த காவலர் தம் குறிப்பேட்டில் காரின் எண்ணை எழுதத் தொடங்கி ‘டிஎல்ஆர்’ என்று விட்டிருந்தார். அந்த எழுத்துகளில் தொடங்கும் பிளேட்டுகளையெல்லாம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார் உதவியாளர் லூ. அது எண்ணின் தொடக்கமல்ல, டீலர் பிளேட், அதாவது கார் ஷோரூமின் பிளேட், என்பதன் சுருக்கம். முட்டாள் என்று சொல்லக்கூடிய இடம். உங்கள் துப்பறிதலோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போக முடியவில்லை லூ என்கிறார் மார்ஜ். அவர் முகம் வாடியதைப் பார்த்து, நம்பர் பிளேட்டைப் பற்றியே ஒரு நகைச்சுவைத் துணுக்கும் சொல்கிறார். ஜெர்ரி பேசும் அதே மொழி, அதே இழுப்பு, அதே மரியாதை. ஒருவனிடம் அது மறைப்பதற்கான திரை, இன்னொருவரிடம் வலிக்காமல் உண்மை சொல்வதற்கான வழி. பிரான்சிஸ் மெக்டோர்மண்ட் இந்த வேடத்துக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரும் படத்துக்குக் கிடைத்தது.

ஆனால் மார்ஜுக்கும் ஒரு குறை உண்டு. தன்னைப்போலவே மரியாதையாகப் பேசுபவர்களை அவர் நம்பிவிடுகிறார். மினியாபொலிஸில் ஜெர்ரியை முதல்முறை பார்க்கும்போது, ஷோரூமில் கார் எதுவும் காணாமல் போகவில்லை என்று அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இங்கேதான் படத்தில் பலரும் புரியவில்லை, தேவையில்லை என்று சொல்லும் காட்சி வருகிறது. பள்ளிக்கால நண்பன் மைக் யனகிட்டாவை ஓட்டலில் சந்திக்கிறார். கூடப் படித்த லிண்டாவை மணந்ததாகவும், அவள் ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டதாகவும் சொல்லி அவன் உடைந்து அழுகிறான். மார்ஜ் சங்கடத்தோடு ஆறுதல் சொல்கிறார். அடுத்த நாள் தோழி ஒருத்தியோடு போனில் பேசும்போது தெரிகிறது: லிண்டாவை அவன் மணக்கவே இல்லை, தொந்தரவுதான் கொடுத்துக்கொண்டிருந்தான், அவள் உயிரோடு நன்றாகவே இருக்கிறாள், அவன் மனநலம் குன்றிப் பெற்றோருடன் வாழ்கிறான். மார்ஜ் போனை வைக்கிறார். காரில் உட்கார்ந்து யோசிக்கிறார். அடுத்த காட்சியில் மறுபடி ஜெர்ரியின் மேசைக்கு எதிரே இருக்கிறார். ஏன் திரும்பினார் என்று யாரும் விளக்குவதில்லை. காட்சிகளை அடுக்கிய வரிசைதான் விளக்கம். அழுத கண்ணோடு, பணிவோடு, கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியும் என்று அவருக்கு இப்போது தெரியும்.

அந்த இரண்டாவது விசாரணையில் அவர் கேட்பது மிகச் சின்னக் கேள்வி. கார் எதுவும் குறையவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள், எண்ணிப் பார்த்தீர்களா? இல்லாத கார்களைக் காகிதத்தில் காட்டிப் பணம் வாங்கியவனிடம், இருக்கும் கார்களை எண்ணச் சொல்கிறார். ஜெர்ரியின் மரியாதை முதல்முறையாக அறுந்து விழுகிறது, குரல் உயர்கிறது. சரி, இப்போதே எண்ணிவிட்டு வருகிறேன் என்று குல்லாயும் கோட்டும் மாட்டிக்கொண்டு போகிறான். கொஞ்ச நேரத்தில் சன்னல் வழியே பார்த்தால் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். மார்ஜின் அதிர்ச்சி, குற்றவாளி தப்பியதற்கு அல்ல. விசாரணைக்கு நடுவில் ஒருவன் எழுந்து ஓடிவிட்டானே என்பதற்கு.

மரம் அரைக்கும் இயந்திரத்தில் கார்லின் காலோடு போராடிக்கொண்டிருக்கும் கெயரை மார்ஜ் கண்டுபிடிப்பது பெரும் துப்பறிதலால் அல்ல. மது குடிக்கையில் சிறிய உருவத்தான் ஒருவன் உளறினான் என்று, வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு காவலரிடம் சொன்ன தகவல் போதும். அந்த உரையாடல் நாளை குளிர் கூடும் என்ற பேச்சோடு முடிகிறது. கெயரைக் காலில் சுட்டுப் பிடித்து, காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு போகும்போது மார்ஜ் செத்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிச் சொல்கிறார். இவ்வளவும் எதற்கு, கொஞ்சம் பணத்துக்கா என்கிறார். பெட்டியில் எவ்வளவு இருந்தது என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் கொஞ்சம் என்கிறார். கெயர் பதில் சொல்வதில்லை. ஜெர்ரி வடக்கு டகோட்டாவில், பிஸ்மார்க் நகரத்துக்கு வெளியே ஒரு மோட்டல் அறையில், உள்ளாடையோடு சன்னலில் ஏற முயலும்போது பிடிபட்டுக் கத்துகிறான். அவன் மகன் ஸ்காட்டியை மட்டும் படம் எங்கோ விட்டுவிடுகிறது. தாயும் தாத்தாவும் செத்து, தகப்பன் சிறைக்குப் போன அந்தப் பையன் என்ன ஆனான்? கோயன்களின் ஈவிரக்கமின்மை என்று நான் நினைப்பது ரத்தக் காட்சிகளை அல்ல, இதைத்தான்.

அன்றிரவு வீட்டில் நார்ம் ஒரு செய்தி சொல்கிறார். அவர் வரைந்த வாத்துப் படத்தைத் தபால்தலைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆனால் மூன்று சென்ட் தலைக்குத்தான். இருபத்தொன்பது சென்ட் தலை ஹாட்மனுக்குப் போய்விட்டது. மார்ஜ் சொல்கிறார்: தபால் கட்டணம் ஏறும்போதெல்லாம் பழைய தலையோடு ஒட்ட எல்லாருக்கும் சின்னத் தலைதானே வேண்டும். இத்தனை எண்கள் புரண்ட படத்தில் மிகச் சிறியது இந்த மூன்று சென்ட். இதில் மட்டும் இருவரும் ஒரே கணக்கைப் பேசுகிறார்கள். ஹாட்மன் நிஜப் பெயர்: வாத்துத் தபால்தலைப் போட்டிகளில் வென்ற மினசோட்டா ஓவியச் சகோதரர்கள், கோயன்களுக்கு இளமையிலிருந்தே பழக்கம். ஆனால் 1987இல் அமெரிக்காவில் கடிதத்துக்கு இருபத்திரண்டு சென்ட்தான் கட்டணம். இருபத்தொன்பது ஆனது 1991இல்.

இந்தச் சறுக்கலை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள், இது உண்மைக் கதை, பெயர்களைத் தவிர எதையும் மாற்றவில்லை என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டியிராவிட்டால். பெயர் வரிசையெல்லாம் ஓடி முடியும்போது, யாவும் கற்பனை என்ற வழக்கமான அறிவிப்பும் வருகிறது. இரண்டையும் படித்தவர்கள் குறைவு. நிஜத்திலிருந்து எடுத்தது அங்கொன்றும் இங்கொன்றும்தான்: மரம் அரைக்கும் இயந்திரம், 1986இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவன் மனைவியைக் கொன்ற வழக்கிலிருந்து வந்தது, அது நடந்த இடம் மினசோட்டாவிலிருந்து வெகு தூரம். ஆகவே படத்தை எடுத்தவர்களும் ஜெர்ரி செய்ததைத்தான் செய்திருக்கிறார்கள், நாமும் அந்த ட்ரூகோட் வாடிக்கையாளர் மாதிரி டிக்கெட் வாங்கியிருக்கிறோம். புதைத்த பணத்தை நிஜமென்று நம்பிப் புறப்படும் ஜப்பானியப் பெண்ணின் கதையாக ‘குமிகோ’ என்ற படம் 2014இல் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘ஃபார்கோ’ தொலைக்காட்சித் தொடரில் ஒருவர் அந்தப் பெட்டியைத் தோண்டி எடுத்தே விடுகிறார். அந்தத் தொடரும் ஒவ்வொரு வாரமும் தன்னை உண்மைக் கதை என்றே அறிவித்துக்கொண்டது.

ஃபார்கோ நகரம் படத்தில் வருவது முதல் காட்சியில் மட்டும். அந்த மதுக்கடையையும் மினியாபொலிஸில்தான் படமாக்கினார்கள். பிரைனர்டின் அடையாளமாகக் காட்டிய, நாட்டுப்புறக் கதைகளில் வரும் மரவெட்டி பால் பன்யனின் பிரம்மாண்டமான சிலையை நிறுத்தியது வடக்கு டகோட்டாவில். பிரைனர்ட் என்பதைவிட ஃபார்கோ என்பது தலைப்புக்கு எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான். இன்று ஃபார்கோவுக்குப் போனால், நகரத்தின் சுற்றுலாத் தகவல் மையத்தில் அந்த மரம் அரைக்கும் இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். காது மூடும் குல்லாயை மாட்டிக்கொண்டு, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பொய்க்காலை அமுக்கியபடி போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.